உங்கள் தெருவின் நடுவே ஒரு கோடு: அமெரிக்கத் தொகுதி எல்லைகள் பற்றி வாசகர் கேள்விகள்

2025 கோடையில் டெக்சாஸில் கிளம்பிய, தொகுதி எல்லைகளை மாற்றி வரையும் சண்டை மிசௌரி, கலிஃபோர்னியா, இண்டியானா என்று பரவியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 'காங்கிரஸ் தொகுதி' என்று நான் சொல்வது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதிக்குச் சராசரியாக 7,61,169 பேர்.

பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே எல்லை மாற்றுவார்கள்? எங்களுக்கு 2021-இல்தான் மாற்றினார்கள். 2025-இல் மறுபடியும் எப்படி? (பிளேனோ, டெக்சாஸ்)

கணக்கெடுப்பு முடிந்ததும் வரைந்தே ஆக வேண்டும் என்பது கட்டாயம். நடுவில் வரையக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் மாநிலமே 2003-இல் இதைச் செய்தது. அந்த வழக்கு 2006-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தொகுதியை மட்டும் சரிசெய்யச் சொன்ன நீதிபதிகள், நடுவில் வரைவதே தவறு என்று சொல்லவில்லை. அந்தக் கதவு அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது.

2025-இல் நடந்தது உங்களுக்கே தெரியும். இருக்கும் 25 இடங்களோடு இன்னும் ஐந்து குடியரசுக் கட்சிக்குக் கிடைக்கும்படி வரையச் சொல்லி வெள்ளை மாளிகை அழுத்தம் கொடுத்தது. 150 பேர் கொண்ட மாநில அவையில் 100 பேர் இருந்தால்தான் அவை நடக்கும் என்பதால், ஜனநாயகக் கட்சியினர் 50-க்கும் மேற்பட்டோர் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆகஸ்ட் 29-இல் ஆளுநர் கையெழுத்திட்டார். நவம்பரில் எல் பாஸோவில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு புது மேப்பை நிறுத்தி வைத்தது. அந்தத் தடையை டிசம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் விலக்கியது. அதனால் 2026 தேர்தலுக்குப் புது மேப்தான்.

கருத்துக்கேட்பு கூட்டத்துக்குப் போய்ப் பேசுவதால் ஏதாவது பலன் உண்டா? எல்லாம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள், நீ போய் என்ன ஆகப்போகிறது என்கிறார் என் கணவர். (ஹூஸ்டன்)

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

உண்மையான பாதி உங்கள் ஊரிலேயே நடந்தது. 2025 ஜூலை கடைசியில் ஆஸ்டின், ஹூஸ்டன், ஆர்லிங்டன் ஆகிய மூன்று இடங்களில் அவைக் குழு கூட்டம் போட்டது. மேப் வெளியானதோ ஜூலை 30-இல், மூன்று கூட்டமும் முடிந்த பிறகு! வேலையை விட்டுவிட்டு வந்து, மணிக்கணக்கில் காத்திருந்து மைக் பிடித்த ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: எந்த மேப்பைப் பற்றி நாங்கள் பேச வேண்டும்? பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். மேப் நிறைவேறியது. இது கருத்துக்கேட்பே இல்லை. மக்களை அவமதித்த காரியம் என்றுதான் சொல்வேன்.

சரி, மீதிப் பாதி. மிஷிகனில் 2018-இல் மக்களே கையெழுத்து திரட்டி, வாக்கெடுப்பில் 61 சதவீத ஆதரவோடு, எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி 13 சாதாரணக் குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆணையமும் தவறியது. 2021 அக்டோபரில் டெட்ராய்ட் கூட்டத்தில் கறுப்பின மக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, எங்கள் பகுதிகளைப் புறநகர்களோடு கீற்றுக் கீற்றாகச் சேர்க்கிறீர்கள், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே எங்களவர் தோற்றுவிடுவார் என்றார்கள். ஆணையம் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் டெட்ராய்ட் பகுதியின் 13 மாநில அவைத் தொகுதிகளை, இனத்தை வைத்து வரையப்பட்டவை என்று சொல்லி ரத்து செய்தது. (இவை காங்கிரஸ் தொகுதிகள் அல்ல. ஆனால் வரைந்தது அதே ஆணையம்.) அந்த வழக்கில் முக்கியச் சான்றாக நின்றவை ஆணையத்தின் கூட்டப் பதிவுகள்தான். கூட்டத்தில் பேசுவது எல்லாம் எழுத்தில் ஏறுகிறது. அன்றைக்கு உதவாவிட்டாலும் இரண்டு வருஷம் கழித்து ஒரு நீதிபதியின் மேஜைக்கு வரும்.

இன்னொன்று இண்டியானா. இண்டியானாபொலிஸ் இருக்கும் மேரியன் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) நான்காகப் பிரித்து, ஒன்பது இடங்களையும் ஒரே கட்சிக்குக் கொடுக்கும் மேப். அதிபர் வெளிப்படையாகவே மிரட்டினார், துணை அதிபர் நேரில் வந்து பேசினார். மாநிலக் கீழவை 57-41 என்று நிறைவேற்றியும்விட்டது. ஆனால் மாநில மேலவையான செனட்டில் 50 பேரில் 40 பேர் குடியரசுக் கட்சியினராக இருந்தும், 2025 டிசம்பர் 11-இல் 31-19 என்று அது தோற்றது. 21 பேர் சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்தார்கள். தொகுதி மக்களின் போனும் கடிதமும் கணக்கில் வந்தன என்று அவர்களில் சிலரே சொன்னார்கள். ஆக, கூட்டத்தில் பேசுவதோடு உங்கள் மாநில செனட்டரின் அலுவலகத்துக்கு ஒரு போனும் போடுங்கள். கட்சியைவிட ஊர் முக்கியம் என்று நினைக்கும் ஓரிருவர் எந்த அவையிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தைரியம் கொடுப்பது அந்த போன்தான்.

என்ன பேசுவது? நான் உட்கார்ந்து கேட்ட கூட்டங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "இது அநியாயம், ஜனநாயகப் படுகொலை" என்று ஆரம்பிப்பவர் பேசும்போது மேடையில் இருப்பவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். ஒரு அம்மா எழுந்து, "என் வீடு இந்தத் தெருவில், பிள்ளையின் பள்ளி எதிர்ப்பக்கம், மழை பெய்தால் இரண்டு பக்கமும் ஒரே சாக்கடைதான் நிரம்புகிறது, உங்கள் கோடு நடுவில் போகிறது" என்றார். உடனே ஒருவர் மேப்பைப் பெரிதாக்கச் சொல்லி அந்தத் தெருவைத் தேடினார். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். கட்சிப் பெயரை எடுக்காதீர்கள். தெருப் பெயர், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் தடம், வெள்ளம் வரும் இடம், இதையெல்லாம் சொல்லுங்கள். எந்தக் கோடு எங்கே நகர வேண்டும் என்று ஒரு வரியில் முடியுங்கள். அப்புறம் அதையே எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

கோடு எங்கே போனால் என்ன? எந்தத் தொகுதியில் போட்டாலும் என் ஓட்டு ஒரு ஓட்டுதானே? (கல்லூரி மாணவர், வட கரோலினா)

உங்கள் மாநிலத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கிரீன்ஸ்பரோவில் நார்த் கரோலினா ஏ அண்ட் டி என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2016 மேப்பில் அதன் வளாகத்துக்கு நடுவே போகும் லாரல் தெருதான் எல்லை. தெருவுக்கு ஒரு பக்கம் 6-ஆம் தொகுதி, மறுபக்கம் 13. விடுதியிலிருந்து கிளம்பி வகுப்புக்கு நடந்தால் தொகுதி மாறிவிடும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒன்றாகப் போட்டால் ஒரு பிரதிநிதி அவர்களைத் தேடி வந்தாக வேண்டும். இரண்டாகப் பிரித்தால் யாரும் வர வேண்டியதில்லை. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, பல வருஷம் போராடினார்கள். 2019-இல் மாநில நீதிமன்றம் அந்த மேப்பை நிறுத்தியது. வளாகம் மறுபடி ஒரே தொகுதிக்குள் வந்தது.

எல்லை வரைபவர்களிடம் இருப்பது இரண்டே வித்தைகள்: உடைப்பது, அடைப்பது. எதிர்க்கட்சி வாக்காளர்களைப் பல தொகுதிகளில் உடைத்துப் போட்டால் எங்கேயும் ஜெயிக்க மாட்டார்கள். இல்லையென்றால் எல்லோரையும் ஒரே தொகுதியில் அடைத்துவிட்டால், அங்கே 80 சதவீதம் வாங்கி ஜெயித்து, சுற்றியுள்ள எல்லா இடத்திலும் தோற்பார்கள். பாதிப் பாதியாகப் பிரிந்து வாக்களிக்கும் உங்கள் மாநிலத்தில் 2016-இல் 13 இடங்களில் பத்து ஒரே கட்சிக்குப் போனது இப்படித்தான்.

மிசௌரியின் கன்சாஸ் சிட்டியில் 2025-இல் நடந்தது இன்னும் வலிக்கிறது. அந்த ஊரில் ட்ரூஸ்ட் அவென்யூ என்று ஒரு சாலை. கிழக்கே கறுப்பினத்தவர், மேற்கே வெள்ளையர் என்று பல தலைமுறையாக ஊரைப் பிரித்து வைத்த கோடு அது. அந்தக் காயத்தை ஆற்ற அங்குள்ளவர்கள் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார்கள். ஊரை மூன்றாகப் பிரித்த புது மேப், அந்தச் சாலையையே எல்லையாக எடுத்துக்கொண்டது. வரைந்தவர்களுக்கு அது கணினியில் ஒரு கோடு. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்? மேப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கேட்டு மூன்று லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டி டிசம்பரில் கொடுத்தார்கள். தேவைப்பட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்கிறீர்களே? (பெயர் வேண்டாம் என்று கேட்டவர்)

இல்லை. இல்லினாய்ஸைப் பாருங்கள். 2024-இல் டிரம்ப் அங்கே சுமார் 43 சதவீதம் வாங்கினார். 17 இடங்களில் அவர் கட்சிக்கு மூன்றுதான். அங்குள்ள 13-ஆம் தொகுதி கிழக்கு செயின்ட் லூயிஸில் தொடங்கி, ஸ்பிரிங்ஃபீல்ட் வழியாகப் பாம்பு மாதிரி நெளிந்து ஷாம்பெய்ன் வரை போகிறது. வரைந்தது ஜனநாயகக் கட்சி. மேரிலாந்திலும் அதே கதை. இந்தக் கலைக்குப் பெயர் வந்ததே 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட ஒரு மேப்பால்தான். பல்லி போன்ற சாலமாண்டர் என்ற பிராணி மாதிரித் தெரிந்த ஒரு தொகுதியைப் பத்திரிகை படம் போட்டு 'ஜெர்ரிமாண்டர்' என்றது. இன்றிருக்கும் இரண்டு கட்சிகளும் அப்போது பிறக்கவே இல்லை.

கலிஃபோர்னியாதான் எனக்குச் சங்கடம். கட்சிகளிடமிருந்து எல்லையைப் பறித்து 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்திடம் ஒப்படைத்த முன்னோடி மாநிலம் அது. டெக்சாஸுக்குப் பதிலடியாக 2025 நவம்பரில் அந்த ஆணையத்தின் காங்கிரஸ் மேப்பை ஒதுக்கி வைக்கும் 50-ஆம் முன்மொழிவை, சுமார் 64 சதவீத வாக்குகளோடு மக்களே ஏற்றார்கள். ஆணையத்துக்காக அன்று பாடுபட்ட முன்னாள் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸெனெகர் எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா மேப்பைக் காட்டி, ஓட்டு கேட்டு, 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு ஆணையமே திரும்பும் என்று எழுதியும் வைத்தது. டெக்சாஸில் மக்களிடம் யாரும் ஓட்டு கேட்கவில்லை. அதற்காகப் பதிலடி சரியாகிவிடுமா? ஒரு ஊர்க்காரர் செய்த அநியாயத்துக்கு இன்னொரு ஊர்க்காரர் தன் பிரதிநிதியை இழக்கிறார் என்பதுதான் என் வருத்தம். கட்சிச் சாய்வு பற்றி நாங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கைகழுவியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

எங்கள் பகுதியில் நம்மவர்கள் நிறைய. எங்களை ஒரே தொகுதியில் வையுங்கள் என்று கேட்பது தப்பாகாதா? இங்கேயும் வந்து சாதி பார்க்கிற மாதிரி இருக்கிறதே. (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

கூச்சப்பட வேண்டாம். இனத்தையே பிரதான அளவுகோலாக வைத்து வரையக் கூடாது என்று 1990-களின் தீர்ப்புகள் சொல்கின்றன. ஆனால் ஒரே மாதிரித் தேவைகள் உள்ள மக்களைச் சேர்த்து வைப்பது உங்கள் மாநில விதிகளிலேயே இருக்கிறது. விசா வரிசையில் காத்திருக்கும் குடும்பங்கள், ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர், ஒரே பள்ளிகள், ஒரே ரயில் பாதை என்று தேவையைச் சொல்லுங்கள். உங்களைச் சுற்றியுள்ள 17-ஆம் தொகுதி, 2011-இல் வரையப்பட்டபோது அமெரிக்கப் பெருநிலத்தில் ஆசியர்கள் பெரும்பான்மையாக உள்ள முதல் தொகுதியானது.

ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கு இதில் என்ன வேலை? (ஆஸ்டின்)

உங்களையும் எண்ணித்தான் தொகுதி வரைகிறார்கள். கணக்கெடுப்பு குடியிருப்பவர் எல்லோரையும் எண்ணுகிறது. எண்ணப்பட்டவர் தன் ஊரைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. கருத்துக்கேட்புக்குப் போகலாம், எழுதலாம். ஆனால் வாக்காளர் கையெழுத்து மனுவில் கையெழுத்து போடாதீர்கள், தெரிந்தவர் நீட்டினாலும் சரி. அது பதிவு செய்த வாக்காளருக்கு மட்டும். தேர்தல் நன்கொடையும் கூடாது (கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம்). எந்தப் படிவத்திலும் குடிமகன் என்றோ வாக்காளர் என்றோ தவறியும் குறிக்காதீர்கள். நாட்டை விட்டு அனுப்பும் அளவுக்கு அது போகும்.

நம் ஊரில் மறுவரையறை என்றால் இடம் குறையும் என்று பயப்படுகிறோம். அங்கேயும் அதே பிரச்சினையா? (மதுரை)

இரண்டும் வேறு. நம் கவலை, மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது. 1971 கணக்கெடுப்பை வைத்து அந்த எண்ணிக்கையை 1976-இல் மாறாதபடி நிறுத்தி வைத்தோம். அமெரிக்காவில் அப்படி நிறுத்தி வைப்பதே இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை 435 இடங்களையும் மாநிலங்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். 2020-இல் இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் நியூயார்க் தன் ஒரு இடத்தை இழந்திருக்காது. அதில் பெரிய சண்டை வருவதில்லை. அவர்களுக்குச் சண்டை, மாநிலத்துக்குள் கோடு எங்கே போகிறது என்பதில். இந்தியாவில் அதை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு ஆணையம் செய்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சியே வரைகிறது.

புது மேப்பில் எங்கள் வீடு வேறு தொகுதிக்குப் போய்விட்டது. இப்போது யாரிடம் போவது? அம்மாவின் விசா விஷயமாகப் பழைய பிரதிநிதியின் அலுவலகம்தான் உதவிக்கொண்டிருந்தது. (டாலஸ்)

அவரிடமே தொடருங்கள். புது மேப் அடுத்த தேர்தலுக்குத்தான். 2026 நவம்பரில் ஜெயிப்பவர் 2027 ஜனவரி 3-இல் பதவியேற்கும் வரை உங்கள் பிரதிநிதி பழையவரே. மனு எண், அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். புதியவரின் அலுவலகத்தில் முதல் நாளே கொடுக்கலாம். வாக்குச்சாவடி மாறியிருக்கிறதா என்று மட்டும் உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத் தளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.