ஓட்டைக் காலணாவும் தாளிப்பனைச் சதமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாணயங்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நானும் ஆறு வருடங்களாகச் சேர்க்கிறேன். நயா பைசா, ஜார்ஜ் மன்னர் காசு, வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனர் கொண்டுவந்தவை, கண்காட்சிகளில் கிலோ கணக்கில் கொட்டி விற்பதில் பொறுக்கியவை என்று எல்லாம் கலந்து 1200 காசுகள் இருக்கும். நாற்பது நாடுகளுக்கு மேல்.

போன மாதம் பழக்கமான டீலர் ஒருவர் என் ஆல்பங்களைப் பார்த்துவிட்டு, "இப்படி வாங்கிக்கிட்டே போனா கடைசியில ஒண்ணும் நிக்காது சார். ஒரு லைனைப் பிடிங்க. மத்ததை லாட்டா தள்ளிவிடுங்க" என்றார். அன்றிலிருந்து மனம் ஒருநிலையில் இல்லை. ஏழாவது படிக்கும் என் மகள் வெளிநாட்டுக் காசுகளில் இருக்கும் மிருகங்களுக்காகவே என்னோடு வந்து உட்காருகிறாள்.

என் தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த பிஸ்கட் டின்னில் இலங்கைச் சதங்கள், நான்கைந்து வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணாக்கள் இருக்கின்றன. அவர் எந்த வருடம் ஊர் திரும்பினார் என்பதிலேயே வீட்டில் வழக்கு. உலகப்போர் முடிந்ததும் வந்துவிட்டார் என்பார் அப்பா. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் என்பார் அத்தை. இந்தக் காசுகளையும் நாடுவாரியாகப் பிரித்து ஆல்பத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எஸ்.,
திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு வேண்டுகோள். டின்னில் இருப்பவற்றை ஆல்பத்துக்கு மாற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். இதுவரை மாற்றியவற்றில் எவையெல்லாம் டின்னிலிருந்து வந்தவை என்பதை, நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் டீலர் சொன்னதில் முதல் பாதி சரி. ஒரு துறையில் ஊன்றி நிற்பவருக்குக் காசு வேறு மாதிரி தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக வெளியிட்ட 1808-ஆம் வருடத்து இருபது காசு, பத்துக் காசு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கு அது இருநூறு வருடப் பழைய செம்பு. கண்டிஷனும் நன்றாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார். கம்பெனிக் காசுகளிலேயே ஊறியவருக்கு அவை பர்மிங்காம் பக்கத்து சோஹோ ஆலையில் அடிக்கப்பட்டவை என்று தெரியும். அவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியதும், 1980-களில் அந்தச் சரக்கை மேலே எடுத்ததும் தெரியும். சென்னைக்கு வந்தே சேராத சென்னைக் காசுகள் அவை. இன்று சந்தையில் கிடைக்கும் 1808 காசுகளில் ஏராளமானவை அந்தக் கப்பலிலிருந்து வந்தவைதான். 'அபூர்வம்' என்ற வார்த்தைக்கு அவரிடம் பணம் பெயராது.

போலிகளும் அப்படித்தான். ஒரு பக்கம் கம்பெனியின் பெயரும் 1818 என்ற வருடமும், மறுபக்கம் அனுமனோ ராமர் பட்டாபிஷேகமோ உள்ள காசு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கம்பெனிக் காசுகளை நூறு முறை கையில் எடுத்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஆனால் "மத்ததைத் தள்ளிவிடுங்க" என்ற இரண்டாம் பாதியை நான் ஏற்கமாட்டேன். அதைச் செய்து இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முப்பது வயதில் நானும் ஒரு லைனைப் பிடித்தேன். குடியரசு இந்தியாவின் காசுகள். ஆண்டெழுத்துக்குக் கீழே வைரம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா, பிற்பாடு சின்ன வட்டப் புள்ளி வந்தால் நொய்டா என்று, எந்த ஆலையில் அடித்தது எனக் காட்டும் மின்ட் மார்க் தேடுவதிலேயே நான்கு வருடம் போயிற்று. அதுவரை சேர்த்த பிறநாட்டுக் காசுகளை ஒரு துணிப்பையில் போட்டு எடைக்குக் கொடுத்துவிட்டேன். அதில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புக்காசு ஒன்று. ஒரு பக்கம் கிரீடமும் அதன் கீழ் பின்னிக்கொண்ட எழுத்துகளும். மறுபக்கம் ரோமன் எண்ணில் நான்கு, அதையொட்டி கே, ஏ, எஸ் என்று மூன்று எழுத்து. ஐரோப்பாவில் ஏதோ சிறு நாடு என்று நினைத்திருந்தேன்.

அது தரங்கம்பாடிக் காசு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து அங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை தங்கள் மன்னர்களின் முத்திரையோடு காசு அடித்தார்கள். அந்த மூன்று எழுத்தும் 'காசு'. ஆங்கிலத்தில் இந்தச் சில்லறைக்கு வழங்கிய 'கேஷ்' என்ற பெயரும் நம் சொல்லிலிருந்து போனதுதான். எட்டு வருடம் என் மேசை இழுப்பறையில் கிடந்த தமிழ்ச்சொல்லை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. விவரம் புரிந்தபோது துணிப்பை எங்கே போயிற்று என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதில் எந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்வது? விரிவாகச் சேர்த்ததால்தான் அது என் கைக்கே வந்தது. விரிவாக மட்டுமே சேர்த்ததால் அதைப் பார்க்கத் தெரியவில்லை. அவசரமாகக் குறுக்கிக்கொண்டதால் கைவிட்டுப் போனது. எனவே நான் சொல்வது இதுதான்: ஒரு துறைக்குள் போங்கள், ஆனால் ஆட்சியையோ உலோகத்தையோ வைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு கேள்வி அதைத் தேர்ந்தெடுக்கட்டும். 'ஜார்ஜ் மன்னர் காசுகள்' என்பது கேட்லாக்கில் உள்ள ஒரு தலைப்பு. பட்டியலில் கட்டங்கள் நிரம்பும். கடைசியில் 1939-ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் ஒன்றுக்காகக் கடன் வாங்கும் நிலை வரும். கேள்வி அப்படி முடிந்துபோவதில்லை.

தரங்கம்பாடிக் காசை இழந்த பிறகு எனக்கு வந்த கேள்வி, எந்தெந்தக் காசில் தமிழ் இருக்கிறது என்பது. சங்ககாலச் செப்புக்காசில் 'பெருவழுதி' என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் படித்து அறிவித்த இரா. கிருஷ்ணமூர்த்தி, முழுநேரத்தில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவர் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு தூண்டுதல். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வெளியிட்ட 'டூடூ' என்ற சின்னச் செப்புக்காசில் ஒரு பக்கம் அவர்களுடைய அல்லிமலர், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. கம்பெனியின் வெள்ளிக் கால் வராகனில் கோபுரம். மறுபக்கம் தாமரைமேல் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. சிங்கப்பூரின் பத்துக் காசில் 'சிங்கப்பூர்' என்ற சொல். 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து. கடைசி இரண்டும் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும். கால் வராகனுக்கு நான் மூன்று வருடம் பணம் சேர்த்தேன். இது குறுகிய சேகரிப்பா, விரிந்ததா? ஒரே ஆல்பத்தில் அடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள நான் ஐந்து அரசுகளின் வரலாற்றைப் படிக்க வேண்டியிருந்தது.

உங்களுக்கு எந்தக் கேள்வி? அதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், எஸ். டின்னுக்கு வருகிறேன்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பல பேரரசர்களின் காசுகள்; பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே அவர் ஆட்சிக்கு முன்னால் அதைப் புதைத்திருக்க முடியாது என்று நிச்சயமாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததால் வந்த அறிவு இது. கண்டெடுத்த அன்றே ஆளுக்குப் பத்தாகப் பிரித்திருந்தால் 501 அழகான காசுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரு புதையலின் காலத்தை அதிலுள்ள கடைசிக் காசு சொல்லும் என்பது இந்தத் துறையின் பாலபாடம்.

உங்கள் தாத்தாவின் டின்னும் ஒரு புதையல்தான். நாடுவாரியாகப் பிரித்தால் அது அழிந்துவிடும்.

அதில் என்ன இருக்கும் என்று இங்கிருந்தே கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. 1872 முதல் இலங்கையில் இந்திய வெள்ளி ரூபாயே சட்டப்படியான பணம். ஆனால் அதற்கு 100 சதம் என்று பிரித்துக்கொண்டார்கள். நம்மூரில் அதே ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா. இங்கே 100 பைசா வந்தது 1957 ஏப்ரலில்தான். உங்கள் டின்னில் சதமும் காலணாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதற்கு இதுதான் பின்னணி. அந்த ஒரு சதத்தில் தாளிப்பனை மரம் நிற்கும், அதன் ஒரு பக்கம் சிங்களத்திலும் மறுபக்கம் தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கும். போர் வந்ததும் இரண்டு கரையிலும் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. இந்திய ரூபாயில் வெள்ளி 1940-இல் பாதியாகக் குறைந்தது, 1943-இல் காலணாவின் நடுவே ஓட்டை விழுந்தது. அதே 1943-இல் இலங்கையின் 25 சதமும் 50 சதமும் வெள்ளியை விட்டு நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறின. 1944-இல் ஓரம் நெளிந்த பித்தளை இரண்டு சதம் வந்தது. பிறகு எலிசபெத் ராணி தலை, 1963-இல் தலையே இல்லாமல் இலங்கையின் அரசுச் சின்னம்.

இலங்கையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் கைக்கு வந்த பணம், கடல் கடந்தபோது என்னவாயிற்று? இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கினால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பின் காப்பி ஆலைகள் கூலிக்குப் பதிலாகக் கொடுத்த செப்பு டோக்கன்கள்வரை போவீர்கள். அதிக விலை இல்லாமல் பத்து வருடம் உழைக்கலாம்.

மற்ற 1200 காசுகளை விற்கவேண்டாம். ஒரு வருடம் புதிதாக எதையும் வாங்காமல், இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து எடை, வருடம், எழுத்து மூன்றையும் நோட்டில் குறியுங்கள். படித்து முடிக்காத காசை யாருக்கும் கொடுக்காதீர்கள். மகளுக்கு மிருகக் காசுகள் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு அவள் பெயரையே எழுதிவிடுங்கள். எந்த லைன் என்று அவளிடம் யாரும் கேட்கவேண்டாம். டின்னில் உள்ளவற்றைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பு பளபளக்கும், எழுத்து போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டின்னை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, இலங்கைக் காசுகளை மட்டும் வருடப்படி அடுக்குங்கள். இந்தியக் காசுகளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். ஊருக்கு வந்த பிறகும் அவற்றைப் போட்டிருக்கலாம். இலங்கைக் காசுகளில் எலிசபெத் ராணியோ 1963-இன் சின்னமோ இருந்தால், அவற்றைப் பிற்பாடு வேறு யாரும் உள்ளே போடவில்லை என்று வீட்டில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படியானால் அப்பா சொல்லும் கணக்கு பொருந்தாது. வரிசை 1945-ஐ ஒட்டி நின்றுவிட்டால் அத்தை தோற்றார் என்று உடனே சொல்லிவிட முடியாது, ஆனால் அப்பாவின் பக்கம் கனக்கிறது. கடைசியில் நிற்கும் சதத்தின் வருடம் என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.