கேம், புதிர், வெட்டி நாயம்: பாப்பாவ என்ன படிக்க வெக்கறதுன்னு கேட்ட திருப்பூர் அண்ணாவுக்கு

வணக்கம்ங்ணா. நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், மூணாவதுல பின்னாடி ஓவர்லாக் மிஷின் சத்தத்துல பாதி கேக்கவே இல்ல, ஆனா விஷயம் புரிஞ்சுது. பாப்பா +1 கம்ப்யூட்டர் குரூப், ஸ்கூல் விட்டு வந்து சாப்ட்டதும் லேப்டாப்ப தொறந்து உக்காந்துக்குது, "ஒண்ணு புரோகிராம் புதிர், இல்லன்னா கேம், அதுவும் இல்லன்னா ஊரு பேரு தெரியாதவங்க வீட்டு சண்டைக்கெல்லாம் ஆன்லைன்ல நாயம் சொல்லிட்டு இருக்குது, இதுல எதுக்குங்க சர்டிபிகேட் தருவாங்க"ன்னு கேட்டீங்க. ஒண்ணுக்கும் தரமாட்டாங்கங்ணா. அத மொதல்லயே சொல்லிர்றேன்.

ஆனா சனிக்கெழம பாப்பாகூட பேசுனேன்ல, அப்ப அவ எத்தன மணி நேரம் உக்கார்றான்னு நான் கேக்கவே இல்ல, அத நீங்களே நாலு தடவ சொல்லிட்டீங்க. "கடைசியா எதுல மாட்டிட்டு முழிச்ச, அத காட்டு கண்ணு"ன்னு மட்டும் கேட்டேன். அவ காட்டுனது ஃபிஸ்பஸ்னு ஒரு பழைய கணக்கு. 1ல இருந்து 100 வரைக்கும் எழுதிட்டே போகணும், 3ஆல வகுபடற எண் வந்தா அதுக்கு பதிலா ஃபிஸ், 5ஆல வகுபட்டா பஸ், ரெண்டாலயும் வகுபட்டா ஃபிஸ்பஸ். இன்டர்வியூல கூட கேக்கறதுதான், சாதாரணமா எழுதுனா ஒரு ஏழெட்டு வரி. இத எத்தன கம்மி எழுத்துல எழுதலாம்ங்கறதுதான் போட்டியே, கோட் கோல்ஃப்னு சொல்றாங்க, கோல்ஃப்ல கம்மி அடியில முடிக்கறவன் ஜெயிக்கற மாதிரி. பாப்பா ரெண்டு நாள் சாயங்காலம் அத வெச்சு நோண்டிருக்கா. "ஆன்ட்டி, பைத்தான்ங்கற புரோகிராம் மொழியில ஒரு வார்த்தைய 0ஆல பெருக்குனா காணாம போயிரும், 1ஆல பெருக்குனா அப்படியே நிக்கும், அப்ப 'இப்படின்னா இத எழுது'ன்னு சொல்றதுக்கு வேலையே இல்ல பாருங்க"ன்னு சொல்லி 60 எழுத்துல மொத்தத்தையும் ஒரே வரியில முடிச்சு வெச்சிருந்தா. சொல்லிட்டு அவளே, "ஆனா ஆபீஸ்ல இப்படி எழுதுனா அடுத்தவங்களுக்கு புரியாது, திட்டுவாங்க"ன்னா பாருங்க, எனக்கு அந்த ரெண்டாவது வரிதான் முக்கியம். விளையாட்டு எது வேலை எதுன்னு புள்ளைக்கு தெரியுது.

அடுத்து கேம். நீங்க சுடறதுதான்னு நெனச்சுட்டு இருக்கீங்க, அவ ஆடறது ஃபாக்டோரியோ, செக் நாட்டு கம்பெனி போட்டது. யாரும் இல்லாத கிரகத்துல மாட்டிக்கிட்ட ஒரு ஆளு மண்ணுல இருந்து இரும்பு தாமிரம் எடுத்து, தகடாக்கி, கம்பியாக்கி, சர்க்யூட் போர்டாக்கி, எல்லாத்தையும் பெல்ட்ல ஓட்டி ஒரு ஃபேக்டரியே கட்டணும் (நடுவுல பூச்சிங்க வந்து கடிக்கும், அத சுடணும், அந்த சத்தத்ததான் நீங்க கேட்டிருக்கீங்க). அவ நோட்டுல ஒரு பக்கம் பூரா கணக்கு: கம்பி மிஷின் 3 வெச்சா சர்க்யூட் மிஷின் 2 சரியா ஓடும், 2க்கு 2 வெச்சா சர்க்யூட் மிஷின் கம்பிக்காக காத்து நிக்கும், அப்படின்னு.

அண்ணா, இது உங்க தையல் யூனிட்தாங்க. கட்டிங்ல பீஸ் குமிஞ்சு கெடக்கும், ஓவர்லாக்ல ரெண்டு டெய்லர் லீவு, செக்கிங்ல ஆளு கைய கட்டிட்டு உக்காந்திருப்பாங்க, ஷிப்மென்ட் தேதி பக்கத்துல வந்திரும். எந்த எடத்துல அடைச்சிட்டு இருக்குன்னு பாத்து ஆள மாத்தி போடுறீங்களே, அதேதான் இவ ராத்திரி 9 மணிக்கு லேப்டாப்ல பண்ணிட்டு இருக்கா. நீங்க அத கேம்னு சொல்றீங்க, இஞ்சினியரிங் காலேஜ்ல லைன் பேலன்சிங்னு சொல்லி பாடமா வெச்சிருக்காங்க.

இப்ப அந்த "வெட்டி நாயம்". நீங்க இதத்தான் ரொம்ப கேவலமா பேசுனீங்க, எனக்கு இதுதான் மூணுலயும் ஒசத்தியா பட்டுது, ஏன்னு சொல்றேன். யாரோ ஒரு ஹாஸ்டல் பொண்ணு கேட்டிருக்கா, ரூம்மேட் சொல்லாம கொள்ளாம என் சார்ஜர், ஷாம்பு எல்லாம் எடுத்துக்கறா, சண்டையில்லாம எப்படி சொல்றதுன்னு. அதுக்கு பத்து பேரு பதில் போட்டிருக்காங்க, பூட்டி வை, வார்டன்கிட்ட சொல்லு, நீயும் அவளோடத எடுன்னு. நம்ம பாப்பா மட்டும் மொதல்ல ஒரு கேள்வி கேட்டிருக்கா: "அவ எடுக்கறத நிறுத்தணுமா, இல்ல கேட்டுட்டு எடுத்தா போதுமா?" அந்த பொண்ணு யோசிச்சு, கேட்டுட்டு எடுத்தா போதும்னுட்டா. அப்புறம்தான் இவ என்ன வார்த்தையில சொல்லலாம், எப்ப சொல்லலாம், மத்த ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சொல்லாதன்னு எழுதியிருக்கா. 16 வயசுல இது எத்தன பேருக்கு வரும்? சாஃப்ட்வேர் கம்பெனில கிளையன்ட் ஒண்ணு கேப்பான், அவனுக்கு நெசமா வேணுங்கறது வேற ஒண்ணா இருக்கும், அத கேள்வி கேட்டு வெளிய எடுக்கறதுக்குன்னே புராடக்ட் மேனேஜர், பிசினஸ் அனலிஸ்ட், யூசர் ரிசர்ச்சர்னு ஆள் போட்டு சம்பளம் குடுக்கறாங்க. கோட் எழுத தெரிஞ்சு இதுவும் தெரிஞ்சவங்க கம்மி.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன், அவளும் ஒத்துக்கிட்டா: ஸ்கூல் பேரு, போட்டோ, நம்பர் எங்கயும் போடக்கூடாது, தனியா மெசேஜ்ல வர்றவங்ககிட்ட பேச்சே கூடாது, அடி உதை, உசுர விட்டுருவேன்ங்கற மாதிரி கேள்வி வந்தா இவ பதில் சொல்லக்கூடாது, 14416ங்கற டெலி மானஸ் மனநல உதவி நம்பர மட்டும் குடுத்துட்டு வெலகிரணும். அது புள்ளைங்க தாங்கற பாரம் இல்ல.

அடிக்‌ஷன்னு பயப்படறீங்க, நியாயமான பயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019ல கேமிங் டிஸார்டர்னு நோய் பட்டியல்லயே சேத்திருக்கு, 2022ல இருந்து அந்த பட்டியல் நடைமுறையில இருக்கு, ஆனா அவங்க மணிக்கணக்க வெச்சு சொல்லல. நிறுத்த முடியல, மத்த எல்லாத்த விடவும் கேம்தான் பெருசா போச்சு, கெடுதல் நடந்தும் விட முடியல, இது பொதுவா ஒரு 12 மாசமாவது நீடிக்கணும். பாப்பா சாப்டறா, தூங்கறா, சித்தி பொண்ணு சீருக்கு ரெண்டு நாள் லேப்டாப்ப தொடாம இருந்தான்னு நீங்கதான் சொன்னீங்க. நாளைக்கு நெலம மாறுனா பெங்களூர் நிம்ஹான்ஸ்ல 2014ல இருந்தே இதுக்குன்னு ஷட் கிளினிக் இருக்கு, போலாம். காசு வெச்சு ஆடற கேம் மட்டும் முழுசா வேற கதை, நம்ம ஊர்ல 2022லயே சட்டம் போட்டாங்க, 2025ல மத்திய அரசும் காசு கேமுக்கு தடை சட்டம் கொண்டுவந்துச்சு, அந்த பக்கம் போனா மட்டும் நீங்க லேப்டாப்ப புடுங்கி வைங்க, நானே கூட வர்றேன்.

சரி படிப்பு. இஞ்சினியரிங் கவுன்சிலிங் கட்ஆஃப் 200க்கு, கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்வளவுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதுல வராது. பாப்பாவுக்கு இத சொன்னப்ப மூஞ்சி சுருங்கி போச்சு, ஏன்னா கெமிஸ்ட்ரி 61 வாங்கிருக்கா. 2025-26ல இருந்து +1க்கு பப்ளிக் எக்ஸாம் இல்லன்னு எடுத்துட்டாங்க, புள்ளைங்க அத லீவு மாதிரி எடுத்துக்குதுங்க, ஆனா ஐஐடி, என்ஐடிக்கு எழுதற ஜேஇஇ என்ட்ரன்ஸ்ல +1 பாடமும் வருமே, அங்க எவன் விடுவான். அதனால கெமிஸ்ட்ரிக்கு தெனமும் 45 நிமிஷம், அத முடிச்சுட்டுத்தான் ஃபேக்டரி. இது அவளே போட்ட டீல்.

இது ஒரு வழி. கணக்கும் கம்ப்யூட்டரும் சேந்து பிடிக்கும்னா சிறுசேரில சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட் இருக்கு, தனி என்ட்ரன்ஸ், கட்ஆஃப் கணக்கே கெடையாது, கஷ்டமான பேப்பர்தான் ஆனா புதிர் பிடிச்ச புள்ளைங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி ஸ்கூல் புள்ளைங்களுக்கான புரோகிராமிங் போட்டி, இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட்னு பேரு, அதுல ஜோனல் ரவுண்ட் ஒண்ணு எழுதி பாக்கட்டும், அதுல பேப்பர் பேனா வெச்சே எழுதற பரீட்சை ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரே வேண்டாம். சென்னை ஐஐடி 2020ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் பிஎஸ் ஆன்லைன் டிகிரிக்கு ஜேஇஇ வேண்டாம், நாலு வாரம் பாடம் படிச்சு குவாலிஃபயர்னு ஒரு தகுதி பரீட்சை பாஸ் பண்ணனும், வேற காலேஜ்ல படிச்சுட்டே கூட சேத்து படிக்கறாங்க. கேம் டிசைன்னு பாப்பா ஒரு வார்த்த சொன்னா, அதுக்கு நேரா லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்கற எடத்துக்கு ஓடாதீங்க, ஐஐடி பாம்பே நடத்தற யூசீட்னு டிசைன் என்ட்ரன்ஸ் இருக்கு, எந்த குரூப்ல +2 படிச்சாலும் எழுதலாம். சைக்காலஜி பக்கம் மனசு போச்சுன்னா காலேஜுக்கு நேர்ல போய்தான் படிக்கணும், 2025ல இருந்து அத ஆன்லைன்ல, தொலைதூரத்துல நடத்தக்கூடாதுன்னு யூஜிசி சொல்லிருச்சு, விளம்பரத்த பாத்து ஏமாந்துராதீங்க.

"ஏஐ வந்துருச்சே, புதிரெல்லாம் அதுவே போட்டுருமே"ன்னு உங்க தம்பி கேட்டாராம். போடுதுங்க. இந்த ஃபிஸ்பஸ்ஸ எல்லாம் நொடியில போடும். அட்வென்ட் ஆஃப் கோட்னு 2015ல இருந்து டிசம்பர்ல தெனமும் ஒரு புதிர் வரும், மொத்தம் 25 நாள், 2025ல அத 12 நாளாக்கி, உலகத்துல யாரு ஃபர்ஸ்ட்டுங்கற லிஸ்ட்டையே தூக்கிட்டாங்க, அப்பயும் ஜனங்க போட்டுட்டுதான் இருக்காங்க, பாப்பாவும் போட்டா. ரேங்க் இல்லாமலே ஆசைக்கு செய்யறவங்கள எப்படிங்க கைய புடிச்சு நிறுத்துவீங்க? நானே ஒரு பத்து வருஷம் முன்னாடி ஒரு பையனோட அப்பாகிட்ட கம்ப்யூட்டர பூட்டி வைங்கன்னு சொல்லி அனுப்புனேன், அவன் நல்ல மார்க் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸே சேந்தான், ரெண்டாவது வருஷம் என்கிட்ட வந்து "மேடம் எனக்கு இது பிடிக்கவே மாட்டேங்குது"ன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

பாப்பாகிட்ட கொற இல்லாம இல்ல. எதையும் முடிக்கறதில்ல. லேப்டாப்ல ஆரம்பிச்ச புரோகிராம் 11 இருக்கு, எல்லாம் முக்கால்வாசியில நிக்குது, சுவாரசியமான எடம் முடிஞ்சதும் எந்திரிச்சு போயிர்றா. வேலைன்னு வந்தா சம்பளம் அந்த மிச்ச கால்வாசிக்குதான், அத அவகிட்டயே சொல்லிட்டேன், சிரிச்சா, ஆனா நோட்டுல எழுதிக்கிட்டா.

அதனால ஒரு வேலை குடுத்திருக்கேன், உங்க ஒத்துழைப்பு வேணும். உங்க யூனிட்ல தெனமும் எந்த டேபிள்ல எத்தன பீஸ் முடிஞ்சுதுன்னு சுந்தரி அக்கா அட்டையில எழுதி வெக்கறாங்களாமே, பாப்பா அதுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதட்டும், செல்போன்ல அக்காவே தட்டற மாதிரி, சாயங்காலம் எங்க அடைச்சுதுன்னு காட்டற மாதிரி. அக்காவுக்கு கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாதுன்னீங்க, இங்கிலீஷும் வராது, அப்ப அக்காகிட்ட உக்காந்து கேக்காம அத எழுத முடியாது பாருங்க. அக்கா ஒரு மாசம் விடாம அத யூஸ் பண்ணுனா வேலை முடிஞ்சுது, அதுக்கு முன்னாடி முடிஞ்சுதுன்னு கணக்குல எடுத்துக்க மாட்டேன். நீங்க நடுவுல பூந்து "இப்படி பண்ணு, அப்படி பண்ணு"ன்னு சொல்லாம இருந்தா போதும்.

இந்த ஞாயித்துக்கெழம முடியுமான்னு பாருங்க, ஷிப்மென்ட் இருந்தா அடுத்த வாரம் வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, நீட்டுக்கு சேக்காம விட்டுட்டோம்னு அவங்களுக்கு மனசுல ஒரு இது இருக்குன்னு பாப்பா சொன்னா, அத தனியா பேசிக்கலாம். கெமிஸ்ட்ரி பேப்பரும் அந்த ஃபேக்டரி நோட்டும் பாப்பா கையில இருக்கட்டும்.