பழைய கார்பெட் கிளீனரில் தண்ணீர் வரவில்லை, கருகும் வாடை வருகிறது: காயில் கட்டத்தான் வேண்டுமா?

சோஃபா சுத்தம் செய்யும் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து 6,500 ரூபாய்க்குக் கார்பெட் கிளீனர் ஒன்றை வாங்கிய மடிப்பாக்கம் வாசகர் எழுதியிருக்கிறார். இயந்திரம் ஓடுகிறது, ஆனால் கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சவில்லை, உறிஞ்சும் வேகமும் போதவில்லை, பத்து நிமிடத்தில் கருகும் வாடை வருகிறது. மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், அதாவது உள்ளிருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்வது சரிதானா, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்.

காயில் கட்டும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இந்த இயந்திரத்துக்குள் இருப்பவை இரண்டு தனித்தனி வேலையாட்கள்: நல்ல தண்ணீரைத் தள்ளும் சிறு பம்பு ஒன்று, அழுக்குத் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு மோட்டார் ஒன்று. இவ்வகைச் சிறு பம்புகள் பலவற்றுக்கு, அவற்றின் வழியே ஓடும் தண்ணீரே குளிர்ச்சி தருகிறது. தண்ணீர் ஏறாமல் வறண்டு ஓடினால் அதன் காயில் சூடேறி வாடை கிளம்பும். ஆகவே நீங்கள் சொல்லும் முதல் குறையும் மூன்றாவது குறையும் ஒரே குறையாக இருக்கலாம். தெளிப்புக்கும் உறிஞ்சலுக்கும் தனித்தனி சுவிட்ச் இருந்தால், உறிஞ்சலை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வாடை வரவில்லை என்றால் சந்தேகம் பம்பின் மேல்தான். மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220 முதல் 240 வோல்ட் வரை, 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் இயந்திரத்தை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் பழுது பார்க்க எதுவும் மிஞ்சாது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மட்டுமே சோதியுங்கள். அது விழுந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மின்கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவி வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மூடியைக் கழற்றும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பம்பு. தெளிப்பு சுவிட்சைப் போட்டதும் உர்ரென்று ஓர் இரைச்சல் கேட்டால் அதன் காயில் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தடை தண்ணீர்ப் பாதையில்தான். மாதக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரத்தில் மிச்சமிருந்த போர்த் தண்ணீர் வற்றி, சுண்ணாம்பாகப் படிந்து, பம்பின் சிறு வால்வை ஒட்டவைத்துவிடும். தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளைத் துளையின் விளிம்பில், கெட்டிலின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் பொருக்கு தெரியும். அதைக் குண்டூசியால் குத்தாதீர்கள்; துளை ஒரு பக்கமாகப் பெருத்தால் விசிறியாக விரிய வேண்டிய தண்ணீர் கோடாகப் பாயும். வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டியின் அடியிலுள்ள வலையையும் கழுவி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து அந்தத் தொட்டியில் ஊற்றுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். பம்புக்குள் காற்று அடைத்திருந்தால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது இழுக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்புக்கு வரும் குழாயை அதன் வாயிலிருந்து உருவி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் மெதுவாகத் தண்ணீரை உள்ளே ஏற்றிக் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். கைப்பிடியை அழுத்தியபடியே ஓடவிட்டால், வறட்டு இரைச்சல் திடீரென்று தணிந்து கனத்த ஒலியாக மாறும், தண்ணீர் ஏறிவிட்டது. அரை நிமிடத்தில் மாறாவிட்டால் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். எலுமிச்சை உப்புக் கரைசலை இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே விடாமல், இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். சுவிட்சைப் போட்டும் இரைச்சலே இல்லை என்றால், சுவிட்சோ வயரோ காயிலோ அறுந்திருக்கிறது. பம்பை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

உறிஞ்சல் குறைவதற்குக் காதே நல்ல கருவி. ஓடும்போது ஓஸின் வாயை உள்ளங்கையால் அடையுங்கள். காற்று நின்றதும் மோட்டாரின் விசிறிக்கு இழுக்க வேலையில்லாமல் போவதால் அதன் ஒலி கூர்மையாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறெங்கோ காற்று கசிகிறது. அடைப்பதற்கு முன்பே கூர்மையாக இருந்தால் எங்கோ அடைப்பு. கசிவென்றால் அழுக்குத் தொட்டி மூடியின் ரப்பரைப் பாருங்கள்: செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து மூடியை மூடி, துண்டை இழுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் தடையில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் ரப்பர் செத்துப்போயிருக்கிறது. அடைப்பென்றால் கைப்பிடியின் வாயில் சேர்ந்த முடியும் நூலும், அல்லது அழுக்குத் தொட்டி நிரம்பியதும் மேலெழுந்து உறிஞ்சலை அடைக்கும் மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டதும் காரணமாக இருக்கும்.

மோட்டாரைத் திறக்க வேண்டிய நேரம், உள்ளே பெரிய தீப்பொறி தெரியும்போதும், கரகரவென்று பேரிங் சத்தம் கேட்கும்போதும் மட்டுமே. இதுவும் மிக்ஸியில் உள்ளதைப் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார்தான். பிரஷ் தேய்ந்து மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது கூட்டுக்குள் தாராளமாக வழுக்கி ஓட வேண்டும். காயில் கருகியிருந்தால், அதற்குக் கேட்கும் கூலி நீங்கள் கொடுத்த விலையில் பாதியைத் தாண்டுமானால் நான் கட்டமாட்டேன்.

முந்தைய உரிமையாளர் துணி சோப்புத் தூளைப் போட்டிருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மிதவை தண்ணீருக்குத்தான் மேலெழும். நுரை அதைத் தாண்டி நேரே விசிறிக்குள் போகும். இனி நுரை குறைந்த கார்பெட் ஷாம்புவை மட்டும் ஊற்றுங்கள்; கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

எல்லாம் மாட்டியபின், சோஃபாவை விட்டுவிட்டு, பழைய மிதியடியில் ஒரு லிட்டர் தெளித்து இழுத்துப் பாருங்கள். அழுக்குத் தொட்டியில் அரை லிட்டர்கூடத் திரும்பவில்லை என்றால் மூடியின் ரப்பரை மறுபடி சோதியுங்கள். அன்றிரவு இரண்டு தொட்டிகளையும் காலிசெய்து, மூடியைத் திறந்தே வையுங்கள்.