ஓஸ்லோவில் மூன்று நாள்: முதலில் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: செப்டம்பரில் ஜெர்மனியிலுள்ள மகன் வீட்டுக்குச் செல்லும் நானும் என் மனைவியும் சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாள்களை ஓஸ்லோவில் கழிக்க எண்ணியுள்ளோம். ஓவியம், சிற்பம் இரண்டிலும் ஈடுபாடு உண்டு. ஆனால் அதிகம் நடக்க முடியாது. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: பயணத்தை ஒரு நாள் முன்தள்ளி, வெள்ளி முதல் ஞாயிறு வரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்கும் விகெலாந்து அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. நான் தவறவிட வேண்டாம் என்று சொல்லப்போகும் ஓர் இடமோ ஞாயிறன்று மட்டும் சில மணி நேரம் திறந்திருக்கும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பதால், ஜெர்மனிக்காகப் பெறும் ஷெங்கன் விசாவே போதும். அங்கே யூரோ அல்ல, குரோனர். அதையும் கார்டிலேயே செலுத்திவிடலாம்.

விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு விரைவு ரயில் சுமார் 20 நிமிடத்தில் சேர்க்கும். சாதாரண ரயிலில் சில நிமிடங்களே கூடும், கட்டணமோ வெகுவாகக் குறையும். மத்திய நிலையத்தின் அருகிலேயே தங்குங்கள். 2008-இல் திறந்த ஓபரா அரங்கும், 2021-இல் திறந்த முங்க் அருங்காட்சியகமும் அங்கிருந்து சிறு நடைதான்.

வெள்ளிக்கிழமை முழுவதையும் 2022-இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். எட்வர்ட் முங்க் 1893-இல் அட்டையில் தீட்டிய புகழ்பெற்ற ‘அலறல்’ இங்கேதான் இருக்கிறது. பலரும் அதன் எதிரே நின்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் இடது மேல் மூலையை உற்றுப் பாருங்கள்: ‘பைத்தியக்காரன் ஒருவனால் மட்டுமே இதைத் தீட்டியிருக்க முடியும்’ என்ற பொருளில், மங்கிய பென்சில் எழுத்தில் ஒரு வரி தெரியும். யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட அந்த வரி, அகச்சிவப்புக் கதிர்ப் படத்தின் துணையோடு ஆராயப்பட்டு, முங்க்கின் கையெழுத்தே என்று 2021-இல் உறுதி செய்யப்பட்டது. எதிர்ப்பட்ட ஏளனத்தை ஓவியர் தம் படைப்பின் மேலேயே எழுதிவைத்தார் என்பதை அறிந்தபின் அந்தப் படம் முன்போல் தோன்றாது. அருகிலுள்ள கூடங்களில் ஹரால்ட் சோல்பர்க்கின் நீலம் தோய்ந்த பனிமலை இரவு ஓவியத்தையும் தேடிப் பாருங்கள்.

சனிக்கிழமை காலையில், கூட்டம் சேரும் முன், 12-ஆம் எண் டிராமில் விகெலாந்து பூங்காவுக்குச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. குஸ்தாவ் விகெலாந்து உருவமைத்த 200-க்கும் மேற்பட்ட சிற்பங்களின் நடுவே, 121 மனித உருவங்கள் பின்னிப் பிணைந்து எழும் ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. கல்தச்சர் மூவர் அதைச் செதுக்கி முடிக்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின. தூணுக்குச் செல்லப் படிகள் ஏற வேண்டும் என்பதால் நடுநடுவே உட்கார்ந்து செல்லுங்கள். உணவுக்குப்பின் ஓய்வெடுத்து, மாலையில் முங்க் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வாரத்தில் பல நாள் அது இரவு வரை திறந்திருக்கும். தம்மிடமிருந்த படைப்புகள் அனைத்தையும் ஓஸ்லோ நகருக்கே எழுதிவைத்த கலைஞர் அவர். இங்கும் ‘அலறல்’ உண்டு. ஆனால் வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்பதால், அதன் வெவ்வேறு வடிவங்களை இருண்ட அறையில் ஒரு நேரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள்.

ஞாயிறன்று 1-ஆம் எண் மெட்ரோவில் ஸ்லெம்டால் நிலையத்தில் இறங்கி, குஸ்தாவின் தம்பி இமானுவேல் விகெலாந்தின் நினைவு மண்டபத்துக்குச் செல்லுங்கள். அவருடைய அஸ்திக்கலசம் தாழ்ந்த வாயிலின் மேலே வைக்கப்பட்டிருப்பதால், உள்ளே போகிறவர் குனிந்தே போக வேண்டும். உள்ளே சன்னல்கள் இல்லை. முதலில் இருட்டாகவே தோன்றும்; கண் பழகப் பழக, பிறப்பும் காமமும் மரணமும் சுவர் முழுக்கத் தீட்டப்பட்டிருப்பது மெல்லப் புலப்படும். சிறு இருமல்கூட நெடுநேரம் எதிரொலிக்கும் என்பதால் எல்லோரும் பேசாமலே நிற்பார்கள். இடம் சிறியது, நேரமும் குறைவு; எனவே அந்த மாதத்துக்கான நேரத்தையும் முன்பதிவையும் புறப்படும் முன்பே இணையத்தில் சரிபாருங்கள்.

தேசிய, முங்க் அருங்காட்சியகங்களையும் பேருந்து, டிராம், மெட்ரோ பயணங்களையும் உள்ளடக்கிய ஓஸ்லோ பாஸ் 24, 48, 72 மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. உங்கள் நிதானமான திட்டத்துக்கு 48 மணி நேரப் பாஸே போதும். அதை வெள்ளி காலை தொடங்கினால் ஞாயிறு காலையோடு முடிந்துவிடும்; ஞாயிறு மெட்ரோ பயணத்துக்குத் தனியே சீட்டு எடுங்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். உணவகச் செலவும் மிக அதிகம் என்பதால், ரொட்டி, தயிர், பழம் போன்றவற்றைச் சனிக்கிழமையே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.