வாசகர் கேள்வி-பதில்: பெயர் ஒன்று, துணி வேறு

அன்றாட உடைகளைப் பற்றிய ஐயங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஜீன்ஸைப் பற்றியே இருந்தமையால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டெனிம் என்பது துணி, ஜீன்ஸ் என்பது உடை என்கிறாள் என் மகள். அப்படியானால் 'டெனிம் ஜீன்ஸ்' என்று எதற்கு இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள்? டங்கரி என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?

பதில்: இன்றைய வழக்கின்படி தங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் முன்பு ஜீன் என்பதும் ஒரு துணியின் பெயராகத்தான் இருந்தது. இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவைப் பிரெஞ்சு மொழியில் ஷேன் என்பார்கள். அங்கிருந்து வந்த முரட்டுத் துணிக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. டெனிம் என்பது பிரான்சின் நீம் நகரத்து சர்ஜ் துணியைக் குறிக்கும் 'சர்ஜ் த நீம்' என்பதன் சுருக்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எனினும் அந்த சர்ஜில் கம்பளியும் பட்டும் கலந்திருந்தன, டெனிமோ பருத்தித் துணி என்பதால், ஆய்வாளர்களில் சிலர் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை.

இரண்டு துணிகளுக்கும் இருந்த வேறுபாட்டைத் தறியில் பார்த்தால் எளிதில் விளங்கும். ஜீன் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒரே நிறத்தில் இருக்கும். டெனிமில் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம் ஏற்றி, ஊடையை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். ஊடை நூல் மூன்று பாவு நூல்களுக்கு அடியில் புகுந்து ஒன்றின் மேல் ஏறிச் செல்வதால், துணியின் வெளிப்பக்கத்தில் நீலமும் உட்பக்கத்தில் வெண்மையும் மிகுந்து தெரியும். தங்கள் வீட்டு ஜீன்ஸின் கால் முனையை மடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆக, நாம் இன்று ஜீன்ஸ் என்று அழைக்கும் உடை ஜீன் துணியால் தைக்கப்பட்டதே அன்று. துணி வழக்கொழிந்து போக, அதன் பெயர் மட்டும் வேறொரு துணியில் தைத்த உடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெயரும் உடனே வந்து சேரவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தையற்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ், காற்சட்டைப் பைகளின் ஓரங்கள் கிழியாதிருக்கச் செம்பு ரிவெட்டுகளை, அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் குமிழ் ஆணிகளை, அடித்துப் பார்த்தார்; சான் பிரான்சிஸ்கோவில் துணி மொத்த வணிகம் செய்த லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை பைவாய்களை வலுப்படுத்தும் முறைக்குத்தானே தவிர, துணிக்கோ காற்சட்டைக்கோ அன்று. அவர்கள் விற்ற காற்சட்டைக்கு நெடுங்காலம் 'ஓவரால்ஸ்' என்றுதான் பெயர். இளைஞர்களின் வாயில் புழங்கிய 'ஜீன்ஸ்' என்ற சொல்லை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது 1960 வாக்கில்தான்.

'டெனிம் ஜீன்ஸ்' என்று எழுதுவதற்கும் இப்போது ஒரு நியாயம் உண்டு. ஐந்து பைகளும் ரிவெட்டும் இரட்டைத் தையலும் கொண்ட அந்த வெட்டையே ஜீன்ஸ் என்று அழைக்கத் தொடங்கிவிட்டதால், வரிவரியாகப் புடைத்திருக்கும் கார்டுராய் துணியில் தைத்தாலும் அது ஜீன்ஸ் ஆகிவிடுகிறது. எனவே துணியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டங்கரியின் ஊர் மும்பை. அங்குள்ள டோங்க்ரி பகுதியின் பெயரால் அழைக்கப்பட்ட முரட்டுப் பருத்தித் துணி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சொற்பட்டியலில் நுழைந்துவிட்டது. இன்று அச்சொல் பெரும்பாலும் மார்பு மறைப்பும் தோள் பட்டைகளும் சேர்ந்த உடையையே குறிக்கிறது.

கேள்வி: தமிழில் எழுதும்போது 'ஜீன்ஸ் கிழிந்துவிட்டது' என்பதா, 'கிழிந்துவிட்டன' என்பதா? 'ஒரு ஜோடி ஜீன்ஸ்' என்று எழுதலாமா?

பதில்: கிழிந்துவிட்டது என்றே எழுதுங்கள். இரண்டு கால்கள் இருப்பதால் ஆங்கிலத்தில் அது பன்மை. கத்தரிக்கோலும் மூக்குக்கண்ணாடியும் அவர்களுக்குப் பன்மைதான். நமக்கு அவை ஒருமை. 'ஒரு ஜோடி ஜீன்ஸ்' என்று எழுதினால், ஒரு ஜோடி செருப்பு, ஒரு ஜோடி வளையல் என்று பழகிய தமிழ் வாசகர், இரண்டு காற்சட்டைகள் வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார். எண்ணிச் சொல்லும்போதும் 'இரண்டு ஜீன்ஸ்' போதும்; 'ஜீன்ஸ்கள்' என்று பன்மைக்கு மேல் பன்மை ஏற்ற வேண்டியதில்லை. வினையைப் பொறுத்தவரை அணிதல், போடுதல் ஆகியவை பொருந்தும். உடுத்துதல் என்பது சுற்றிக் கட்டும் ஆடையின் நினைவைத் தருவதால் ஜீன்ஸுக்கு அது ஒட்டுவதில்லை என்பது என் கருத்து.

சிலர் இதற்குத் தனித் தமிழ்ச் சொல் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 'நீலக் காற்சட்டை' என்றால் கறுப்பு ஜீன்ஸை என்ன செய்வது? சொல் அப்படியே இருக்கட்டும். உயிரியல் கட்டுரைகளில் வரும் 'ஜீன்ஸ்' என்பதைத்தான் மரபணுக்கள் என்று எழுதிக் குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் ஜீன்ஸ் வாங்க முயன்றால் ஸ்லிம் ஃபிட், மிட் ரைஸ், டேப்பர்ட், ஸ்டோன் வாஷ், 12 அவுன்ஸ் என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இச்சொற்கள் மிரட்டுவதற்குக் காரணம், வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஒரே மூச்சில் சொல்லப்படுவதுதான். வெட்டு, வெளுப்பு, துணி என்று பிரித்துப் படித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

முதலில் வெட்டு. அதற்குள்ளும் மூன்று செய்திகள் உண்டு. உடலுக்கும் துணிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்வது ஃபிட்: ஸ்கின்னி உடலோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்லிம் ஒட்டாமல் ஒடுங்கியிருக்கும், ரிலாக்ஸ்ட் தளர்ந்திருக்கும். காலின் வடிவத்தைச் சொல்பவை வேறு: முழங்காலிலிருந்து கீழே அதே அகலத்தில் இறங்கினால் ஸ்ட்ரெய்ட்; கணுக்காலை நோக்கிக் குறுகினால் டேப்பர்ட்; சற்றே விரிந்தால் பூட்கட்; அகலமாக விரிந்தால் ஃப்ளேர், அதாவது பெரியவர்கள் பெல்பாட்டம் என்று அறிந்தது. ரைஸ் என்பது கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம். லோ ரைஸ் இடுப்பெலும்புக்குக் கீழேயும், ஹை ரைஸ் தொப்புளை ஒட்டியும் வந்து நிற்கும். எனவே ஒரே ஜீன்ஸ் ஹை ரைஸாகவும் தொடையில் தளர்ந்தும் கணுக்காலில் குறுகியும் இருப்பதில் முரண் ஏதுமில்லை. மாம் ஜீன்ஸ் என்று விற்கப்படுவது ஏறத்தாழ அதுவே. 'இறுக்கமான ஜீன்ஸ்' என்று பொதுவாகச் சொல்லும்போது எங்கே இறுக்கம் என்பது விட்டுப்போய்விடுகிறது. அளவு பொருந்தவில்லை என்ற புகார்கள் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன.

அடுத்து வெளுப்பு. தைத்த பிறகு சலவை செய்யப்படாதது ரா டெனிம். அது விறைப்பாகவும் அடர்நீலமாகவும் இருக்கும். ஸ்டோன் வாஷ் என்பது உண்மையிலேயே எரிமலை நுரைக்கற்களோடு சேர்த்துச் சுழற்றி வெளுப்பது. கற்கள் துணியையும் இயந்திரத்தையும் தேய்த்துவிடுவதால், பருத்தியின் மேற்பரப்பை மெல்ல அரிக்கும் நொதிகளைப் பல ஆலைகள் பயன்படுத்துகின்றன. லேசர் கொண்டும் வெளுக்கிறார்கள். ஆசிட் வாஷில் அமிலத்தைத் தேட வேண்டாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் அல்லது குளோரின் கரைசலில் நனைத்த கற்களோடு உலர்வாகச் சுழற்றும் முறைக்கு யாரோ வைத்த பெயர் அது.

இந்த வரிசையில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தொடையிலும் முழங்காலிலும் பழைய தோற்றம் வருவதற்காக மணலை உயரழுத்தத்தில் பீய்ச்சும் முறை ஒன்று உண்டு. அந்தத் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நுரையீரல் நோய் வந்ததால், துருக்கி 2009இல் அதைத் தடைசெய்தது. 'பழகிய தோற்றம்' என்று விளம்பரத்தில் படிக்கும்போது, அதைப் பழக்கியவர் யார், எப்படி என்ற கேள்வி எழுந்தால் நல்லது.

கடைசியாகத் துணி. 12 அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜத் துணியின் எடை. நம் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 407 கிராம். சாதாரண டி-ஷர்ட் துணியைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. 10 அவுன்ஸுக்குக் கீழே வெயிலுக்கு ஏற்ற மெல்லிய துணி, 16க்கு மேலே, நிறுத்தி வைத்தால் தானே நிற்கும் முரட்டுத் துணி. பருத்தியோடு ஒன்றிரண்டு விழுக்காடு எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை கலந்திருந்தால் உட்கார்ந்து எழ வசதி. ஆனால் நாளடைவில் முழங்காலில் துணி பை போலத் தொங்கும்.

இத்தனையில் எதைக் கவனிப்பது என்று கேட்டால், ரைஸையும் கலப்பு விழுக்காட்டையும் என்பேன். மற்றவை படத்திலேயே தெரிந்துவிடும், இவை இரண்டும் தெரியாது.

கேள்வி: இடுப்பளவு 32 என்று போட்ட இரண்டு ஜீன்ஸில் ஒன்று சரியாக இருக்கிறது, மற்றொன்று ஏறவே இல்லை. அங்குலம் அங்குலம்தானே?

பதில்: அங்குலம் மாறாது; சீட்டில் அச்சிட்ட எண்தான் மாறும். வாங்குபவர் மகிழ்வதற்காகப் பட்டியைச் சற்றுப் பெரிதாக வைத்துச் சிறிய எண்ணைப் போடும் பழக்கம் சில நிறுவனங்களுக்கு உண்டு. தங்களுக்குப் பொருந்தும் ஜீன்ஸின் பொத்தானைப் போட்டு, தரையில் பரப்பி, பட்டியின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். கவட்டிலிருந்து கால் முனை வரையுள்ள நீளத்தையும், ரைஸையும், தொடை அகலத்தையும் குறித்துக்கொண்டு, விற்பவர் தரும் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உடம்பை அளப்பதைவிட உடையை அளப்பது நம்பகமானது. அது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளாது.

கேள்வி: வலப்பக்கப் பைக்குள் இருக்கும் குட்டிப் பை எதற்கு?

பதில்: சங்கிலியில் கோத்த பைக்கடிகாரத்துக்கு. பின்பக்கத்தில் இரண்டாவது பை 1901இல்தான் சேர்க்கப்பட்டது என்பதால், பயனற்றதாகத் தோன்றும் இந்தக் குட்டிப் பை அதற்கு மூத்தது.

கேள்வி: புது ஜீன்ஸ் என் வெள்ளைக் கைப்பையை நீலமாக்கிவிட்டது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பது?

பதில்: உப்பும் வினிகரும் இந்தச் சாயத்தை நிறுத்தா. ஜீன்ஸுக்கு நீலம் தரும் அவுரிச் சாயத்தின் இயல்பே வேறு. அது நீரில் கரையாது. வேதிமுறையில் மாற்றிக் கரையவைத்தால் மஞ்சள் கலந்த பச்சை நிறக் கரைசல் ஆகும். அதில் நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டும்போதுதான் நீலம் பிறக்கிறது. இப்படிப் பலமுறை முக்கியும் சாயம் நூலின் புறத்தே வளையம்போலப் படிகிறதே தவிர, நடுவே வெண்மை எஞ்சிவிடுகிறது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்து செடியிலிருந்து எடுக்கும் தொழிலை நலியவைத்தது. ஆனால் மூலக்கூறு அதேதான் என்பதால் இயல்பும் அதேதான். உரசும் இடத்தில் புறவளையம் தேய, உள்ளிருக்கும் வெண்மை வெளிவருகிறது. தொடை மடிப்பில் பூனை மீசை போன்ற கோடுகளும், முழங்காலின் பின்புறம் தேன்கூடு போன்ற வலையும் விழுவது இதனால்தான்.

வேறு எந்த உடையிலும் சாயம் போவதைக் குறை என்போம், இதில் மட்டும் அழகு என்கிறோம். அணிபவர் எப்படி உட்கார்கிறார், எந்தப் பையில் கைப்பேசி வைக்கிறார் என்பதெல்லாம் துணியில் பதிந்துவிடுவதாலோ என்னவோ!

முதல் சில சலவைகளைத் தனியாக, உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் செய்து நிழலில் உலர்த்துங்கள். அதுவரை வெளிர்நிறப் பையையும் இருக்கை உறையையும் தள்ளி வையுங்கள். துவைக்கும் இடைவெளிக்கு விதி எதுவும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதங்கள் துவைக்காமல் அணிந்த ஜீன்ஸையும், பிறகு துவைத்து இரண்டு வாரம் போல அணிந்த அதே ஜீன்ஸையும் சோதித்தபோது, நுண்ணுயிர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இதை அறிவுரையாகக் கொள்ள வேண்டாம். நுண்ணுயிர் எண்ணிக்கைக்கு வாசனை தெரியாது. வியர்வை படிந்தாலோ அழுக்குத் தெரிந்தாலோ துவையுங்கள்.

கேள்வி: கிழித்து விற்கும் ஜீன்ஸில் ஓட்டைக்குக் குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் தொங்குகின்றனவே?

பதில்: முதல் பதிலில் சொன்ன ஊடை நூல்கள்தான் அவை. நீலப் பாவை மட்டும் அறுத்து உருவிவிட்டு ஊடையை விட்டுவைக்கிறார்கள். தானாகக் கிழிந்த ஜீன்ஸில் இரண்டும் நைந்திருக்கும் என்பதால், வாங்கிய கிழிசலையும் உழைத்த கிழிசலையும் பெரும்பாலும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடலாம்.

கேள்வி: சில சலவைகளுக்குப் பின் என் ஜீன்ஸின் பக்கத் தையல் முழங்காலுக்குக் கீழே முன்புறமாகத் திரும்பிவிட்டது. தைத்தவரின் தவறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டெனிமின் நெசவு சாய்வரியாக ஓடுவதால், துணிக்குள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும் இழுவிசை தங்கியிருக்கிறது. நனைந்து தளரும்போது கால் அந்தத் திசையில் சுழல்கிறது. இதைத் தவிர்க்கவே துணியை ஆலையில் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்து இழுத்துவைக்கிறார்கள். சாய்வரியின் திசையை இடையிடையே மாற்றி நெய்யும் முறையும் உண்டு. தங்களுடையதில் அந்த வேலை குறைவாக நடந்திருக்கலாம். பிரித்துத் தைத்தாலும் துணி மறுபடியும் திரும்பும் என்பதால் தையற்கூலியைச் செலவிட வேண்டாம்.