வந்தாரா, ஆனாரா? மனுவுருவாதல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இயேசு மனிதராக வந்ததை அவதாரம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவதாரம் என்றால் இறங்கி வருதல். யோவான் 1:14 அதோடு நிற்கவில்லை. "வார்த்தை மாம்சமாகி" என்கிறது. 'வார்த்தை' என்பது அங்கே கடவுளின் குமாரனான இயேசுவுக்குப் பெயர்; மாம்சம் என்றால் மனித உடல். வந்தார் என்றில்லை, ஆனார். வந்த வேலை முடிந்ததும் கழற்றிப் போடும் சட்டையல்ல அந்த உடல். உயிர்த்தெழுந்த பிறகு தோமாவுக்குக் காட்டியதும் ஆணித் தழும்புள்ள கைகளைத்தான். பரமேறிய பின்பும் அவர் மனிதரே என்பது திருச்சபையின் போதனை. அதனால் எனக்கு 'மனுவுருவாதல்' என்ற சொல்லே பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் பாதி கடவுள், பாதி மனிதரா?

பதில்: பாதிப் பேச்சே கிடையாது. முழுக் கடவுள், முழு மனிதர், ஆள் ஒருவரே. 451இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம், கடவுள் தன்மை, மனிதத் தன்மை ஆகிய இரு தன்மைகளும் கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்று அறிக்கையிட்டது. நான்குமே எதிர்மறைச் சொற்கள், கவனித்தீர்களா? எப்படி என்று விளக்க அவர்கள் துணியவில்லை. நாலு பக்கமும் வேலி போட்டுவிட்டு நின்றுகொண்டார்கள். (கோப்து, ஆர்மீனிய, சிரிய மரபுவழிச் சபைகள் 'இரு தன்மைகள்' என்ற சொல்லாட்சியை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை.)

கேள்வி: டிசம்பர் 25 வேதத்தில் இல்லையே?

பதில்: இல்லைதான். இந்தப் போதனை அந்தத் தேதியை நம்பி நிற்கவுமில்லை. சரியாகப் பார்த்தால் மனுவுருவாதலின் திருநாள் மார்ச் 25, மரியாள் கருத்தரித்ததை நினைவுகூரும் நாள்.

கேள்வி: கடைசி நாள் குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32இல் அவரே சொல்கிறாரே. கடவுளுக்குத் தெரியாதது உண்டா?

பதில்: குமாரன் கடவுளால் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுவின் ஆட்கள் நான்காம் நூற்றாண்டில் பிடித்துக்கொண்ட வசனம் இது. கடவுளாக அறிந்திருந்தும், மனிதராக அறியாமல் இருந்தார் என்று பதில் சொன்னார் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு. லூக்கா 2:52இல் அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்றிருக்கிறது. வளர்வதென்றால் நேற்றுத் தெரியாதது இன்று தெரிய வேண்டுமே! இதில் இன்னும் புரியாதது எனக்கும் நிறைய உண்டு.

கேள்வி: கடவுள் நம்மை மன்னிக்க ஒரு வார்த்தை போதாதா? ஏன் மனிதராக வேண்டும்? ஐயா, போன மாதம் அம்மா தவறிவிட்டார். இந்தப் போதனையால் எனக்கு என்ன?

பதில்: முதல் கேள்விக்கு நான்காம் நூற்றாண்டு ஆயர் நாசியான்சு கிரகோரியிடம் பதில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவு இல்லை, அந்த இடத்தில் வார்த்தையானவரே இருந்தார் என்று அதே காலத்து ஆயர் அப்பொலினாரி போதித்தார். அதற்குக் கிரகோரி, அவர் எதை எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்றார். பாவத்தில் முதலில் விழுந்ததே நம் அறிவுதான். அதை விட்டுவிட்டு எதைக் காப்பாற்றுவது? ஆக, மன்னிப்பு மட்டுமல்ல, உள்ளிருந்தே குணமாக்குவதும் நடக்க வேண்டியிருந்தது. பயம், களைப்பு, அழுகை எல்லாம் அதில் சேர்த்தி.

அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள், தம்பி. இறந்துபோன நண்பர் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். அப்படியும் அழுதார். ஏன் அழவேண்டும் என்று நான் பல வருடம் குழம்பியிருக்கிறேன். எழுப்பப் போகிறோம் என்பதற்காக, துக்கத்தில் இருந்த லாசருவின் சகோதரிகள் மார்த்தாளையும் மரியாளையும் அவர் அவசரப்படுத்தவில்லை. உங்களையும் யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.