நார்க்கழிவு உலோகத்தைப் பிடிக்கும், பிடித்த பிறகு?

கேள்வி: கோவையில் சிறிய நிக்கல் முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னை நார்க்கழிவு வழியாகக் கழிவுநீரை விட்டால் போதுமா?

பதில்: அது மட்டும் போதாது. முதலில் சுண்ணாம்பு இட்டு நிக்கலைப் படியவையுங்கள். அதற்கும் தப்பி நீரில் நிற்கும் மிச்சத்துக்குத்தான் நார்க்கழிவு. அந்த நீர் காரமாக இருக்கும்; பிஎச் (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) 5, 6 அளவுக்கு இறக்குங்கள். இன்னும் இறங்கினால் உலோகம் ஒட்ட வேண்டிய இடங்களை அமிலமே பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பிலிருந்து வந்த கால்சியமும் போட்டிக்கு நிற்கும். ஆகவே ஆய்வகத் தாளில் உள்ள கணக்கை நம்பாமல், உங்கள் பட்டறை நீரிலேயே ஒரு வாளி அளவில் சோதியுங்கள். நார்த்தூளைச் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசுவதும் அவசியம். குழாயில் அடைத்தால் தூள் இறுகி நீர் நின்றுவிடும். தொட்டியில் கலக்கி வடிகட்டுவதே எளிது.

கேள்வி: குரோமியத்துக்கும் இதே முறைதானா?

பதில்: எந்தக் குரோமியம் என்று கேட்பேன்; இணைதிறன், அதாவது பிற அணுக்களோடு சேரும் திறன், மாறினால் அதன் குணமும் மாறும். தோல் பதனிடும் ஆலைகள் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். அது நிக்கலைப் போலவே ஒட்டும். முலாம் பட்டறையின் குரோமிக் அமிலத்தில் இருப்பதோ ஆறு இணைதிறன், நச்சு மிகுந்தது. அது எதிர்மின் சுமை கொண்டது; அமிலத்தில் நார் நேர்மின் சுமை பெறுவதால் பிஎச் 2 அருகில்தான் நன்றாகப் பிடிபடும். அந்த அமிலத்தில் நாரின் லிக்னின் (நாருக்கு உறுதி தரும் பொருள்) அதை மூன்று இணைதிறனாக மாற்றவும் செய்யும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு இணைதிறன் குரோமியத்தின் மஞ்சள் நிறம் போனதும் நீர் தூய்மையாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். மாறிய குரோமியம் நீரிலேயே கரைந்திருக்கலாம். மொத்தக் குரோமியத்தை அளந்து பார்க்காமல் தயவுசெய்து வெளியே விடாதீர்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை அருகே எங்கள் கிணற்று நீர் மஞ்சளாக இருக்கிறது. வேர்க்கடலை ஓட்டில் வடித்துக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்தைத்தான் அனுமதிக்கிறது. அந்த அளவை வீட்டு வடிகட்டியால் உறுதிசெய்ய முடியாது. காய்ச்சினாலும் உலோகம் போகாது. நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர்தான்.

கேள்வி: பயன்படுத்திய நார்க்கழிவைத் தென்னைக்கு உரமாக இடலாமா?

பதில்: கூடவே கூடாது. நீரிலிருந்து எடுத்ததை மண்ணில் கொட்டுவதாகிவிடும். எரிப்பதும் தீர்வன்று, உலோகம் சாம்பலில் தங்கும், குரோமியம் மீண்டும் ஆறு இணைதிறனாக மாறவும் கூடும். நிக்கல் என்றால் நீர்த்த அமிலத்தில் அலசி மீட்கலாம். தேய்ந்துபோன நாரை அபாயகரமான கழிவு என்று பதிந்து, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்புங்கள். அதற்கான செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.